கார்பனிலிருந்து ஃப்ளூரினைக் கழற்றும் உலோக நொதிகள்: ஓர் எளிய விளக்கம்

"அழியாத வேதிப்பொருளை உடைக்கும் பாக்டீரியா" என்று அவ்வப்போது ஒரு செய்தி வரும், நாமும் நல்ல விஷயம்தானே என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். எந்த இடத்தில் உடைக்கிறது, எதைக் கொண்டு உடைக்கிறது, உடைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதையெல்லாம் அந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இரும்பு, கோபால்ட், செம்பு போன்ற உலோகங்களைத் தம் நடுவில் வைத்திருக்கும் சில நொதிகள் இந்த வேலையில் எப்படி வருகின்றன, எங்கே அவற்றால் முடிகிறது, எங்கே முடியவில்லை என்று இங்கே சொல்லப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடலாம். கார்பன் சங்கிலியில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம், அல்லது நிறைய இடங்களில், ஃப்ளூரினை ஏற்றிச் செய்த செயற்கைச் சேர்மங்களின் பெரிய குடும்பம் இது, பி.எஃப்.ஏ.எஸ். என்ற எழுத்துகளைச் சேர்த்து பிஃபாஸ் என்கிறார்கள். 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான் இந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்த முகம். டெஃப்லான் செய்ய நெடுங்காலம் உதவிப்பொருளாக இருந்தது பி.எஃப்.ஓ.ஏ. என்ற எட்டுக் கார்பன் அமிலம். அதன் உறவுக்காரரான பி.எஃப்.ஓ.எஸ்., கறை படியாத துணிகளிலும், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் போனது. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது, சூடும் தாங்கும், அமிலமும் தாங்கும் என்பதால் எல்லாரும் விரும்பி வாங்கினார்கள். அதே குணம்தான் அவை குடிநீரிலும் நம் ரத்தத்திலும் வருடக்கணக்கில் தங்கிவிடக் காரணம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊரை ஒட்டிய டெஃப்லான் ஆலையால் சுற்றுவட்டாரக் குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ. கலந்து, அது வழக்காகி, அந்த வழக்கின் ஒப்பந்தப்படி ஏறக்குறைய 69,000 பேரின் உடல்நலத் தகவலும் ரத்த மாதிரியும் சேகரிக்கப்பட்டன. அதை ஆராய்ந்த அறிவியல் குழு சிறுநீரகப் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு பாதிப்புகளுக்கு இந்த வேதிப்பொருளோடு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்திவிட்டது. 2024இல் அமெரிக்கா குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸுக்கும் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் நான்கு பங்கு. இது அமெரிக்காவோடு நிற்கும் கதையும் இல்லை, சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இவை இருப்பதை ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது இவற்றை நீக்க நம்மிடம் இருப்பவை கரித்தூள் வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் பிசின், ஆர்.ஓ. சவ்வு போன்றவை. எதுவும் உடைப்பதில்லை. தண்ணீரிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் சேர்த்து வைக்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கரியை, அந்தக் கழிவுநீரை அப்புறம் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். எரிக்கலாம் என்றால் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் சாதாரண வெப்பத்தில், தண்ணீரில், மண்ணில் வேலை செய்யும் நொதிகள்மேல் இவ்வளவு ஆசை.

சரி, ஏன் இது இத்தனை கடினம்?

கார்பன் ஒற்றைப் பிணைப்பில் கைகோக்கும் அணுக்களில் ஃப்ளூரினோடு உள்ள பிணைப்புதான் மிக உறுதியானது. ஒரு மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் ஆற்றல் கொடுத்தால்தான் பிரியும். கார்பன்-ஹைட்ரஜனுக்கு அது சுமார் 413, கார்பன்-குளோரினுக்கு 330ஐ ஒட்டி. ஃப்ளூரின் மிகச் சிறிய அணு, அதோடு எலெக்ட்ரானை இழுப்பதில் தனிமங்களிலேயே முதலிடம், ஆகவே பிணைப்பு குட்டையாகவும் இறுக்கமாகவும் அமைகிறது. இன்னொரு சிக்கல், ஒரே கார்பனில் ஃப்ளூரின் கூடக்கூட ஒவ்வொரு பிணைப்பும் இன்னும் பலமாகிறது. பிஃபாஸ் சங்கிலியில் கிட்டத்தட்ட எல்லாக் கார்பனிலும் இரண்டு, கடைசியில் மூன்று. வெளியிலிருந்து வரும் எதுவும் கார்பனை நெருங்க முடியாதபடி சுற்றிலும் ஃப்ளூரின் மூடிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு மேல் பரிணாமக் காரணமும் உண்டு. குளோரின், புரோமின் ஏறிய கரிமச் சேர்மங்களைக் கடல் உயிர்களும் பூஞ்சைகளும் ஆயிரக்கணக்கில் செய்கின்றன, அவற்றை உடைக்கும் நொதிகளும் கூடவே வளர்ந்தன. ஃப்ளூரின் ஏறியவற்றை இயற்கை செய்வது மிக அபூர்வம். நன்றாகத் தெரிந்த ஒன்று ஃப்ளூரோ அசிடேட், ஒரே ஒரு ஃப்ளூரின் உள்ள சிறு மூலக்கூறு. தென்னாப்பிரிக்காவின் கிஃப்ப்ளார் செடியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் காஸ்ட்ரோலோபியம் புதர்களிலும் இருக்கிறது, மேய்ந்த மாடு செத்துவிழும் அளவுக்குக் கொடிய விஷம். உடலுக்குள் போனதும் அது ஃப்ளூரோசிட்ரேட்டாக மாறி, அக்கோனிட்டேஸ் என்ற நொதியை முடக்குகிறது. அக்கோனிட்டேஸ் தன் நடுவில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்து ஒன்றை வைத்திருக்கும் உலோக நொதி. ஆக உலோக நொதிகளுக்கும் ஃப்ளூரினுக்கும் உள்ள பழைய உறவு நட்பானது இல்லை.

அந்த ஃப்ளூரோ அசிடேட்டை உடைக்கும் மண் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றின் நொதியில் உலோகமே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் இருந்தால்தான் ஃப்ளூரின் கழலும் என்ற தப்பான எண்ணம் வந்துவிடும். அந்த நொதியில் ஒரு அமினோ அமிலம் கார்பனின் பின்பக்கமாக வந்து தாக்கி, முன்பக்கத்திலிருந்து ஃப்ளூரினை ஃப்ளூரைடு என்ற அயனியாக வெளியே தள்ளுகிறது. அழகான வேலை. ஆனால் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஃப்ளூரின் மூடிய சங்கிலியில் அந்த வழி அடைபட்டுப் போகிறது. உலோகத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

நொதி என்பது புரதம், புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அமினோ அமிலங்கள் மட்டும் இருந்தால் அமில-கார வேலைகள், நீர் சேர்த்து உடைக்கும் வேலைகள் நன்றாக நடக்கும். ஆனால் எலெக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுக்கவோ, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து வீரியமாக மாற்றவோ அவற்றுக்குத் திறன் குறைவு. இரும்பும் கோபால்ட்டும் செம்பும் அதில் கைதேர்ந்தவை, ஏனென்றால் ஒரு எலெக்ட்ரானை இழந்தாலும் சேர்த்துக்கொண்டாலும் நிலைத்து நிற்கும் பல நிலைகள் அவற்றுக்கு உண்டு. அதனால் உலோக நொதிகள் ஃப்ளூரின் சேர்மத்தை இரண்டு விதமாக அணுகுகின்றன: எலெக்ட்ரானைக் கொடுத்து, அல்லது ஆக்சிஜனை ஏற்றி. இரண்டிலும் உலோகம் போய் கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பைப் பலவந்தமாகப் பிய்ப்பதில்லை. மூலக்கூற்றின் வேறோர் இடத்தில் ஒரு மாற்றத்தைச் செய்கிறது, அந்த மாற்றத்துக்குப் பிறகு ஃப்ளூரின் தானாகவே விலகிப் போகும் நிலை வருகிறது. இந்த ஒரு விஷயம் மனசில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

எலெக்ட்ரான் கொடுக்கும் வழியை முதலில் பார்ப்போம். இதன் நாயகன் வைட்டமின் பி12. ரத்தசோகை வந்தால் ஊசியாகப் போடுவார்களே, அதேதான். 1956இல் டோரதி ஹாட்ஜ்கின் அதன் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு கண்டறிந்தார், நடுவே ஒரு கோபால்ட் அணு, அதைச் சுற்றி வளையம். இந்தக் கோபால்ட் எலெக்ட்ரான்களை வாங்கி மிகக் குறைந்த நிலைக்கு இறங்கும்போது, எதிரில் வருவதற்கு எலெக்ட்ரான் கொடுக்கத் துடிக்கும் பொருளாகிவிடுகிறது. சில பாக்டீரியாக்கள் இதே பி12 குடும்பத்து மூலக்கூறை ஒரு புரதத்துக்குள் வைத்து, பக்கத்தில் இரண்டு இரும்பு-கந்தகக் கொத்துகளை அடுக்கி வைத்திருக்கின்றன. எலெக்ட்ரான் வெளியிலிருந்து முதல் கொத்துக்கு, அங்கிருந்து இரண்டாம் கொத்துக்கு, அங்கிருந்து கோபால்ட்டுக்கு, கடைசியில் ஹாலோஜன் ஏறிய சேர்மத்துக்குப் போகிறது. ஹாலோஜன் அயனியாகக் கழன்று வெளியேறுகிறது. இவற்றை ஒடுக்க டிஹாலோஜனேஸ்கள் என்பார்கள்.

குளோரின் விஷயத்தில் இவை உண்மையிலேயே சாதித்துக் காட்டியவை. உலர்சலவைக் கடைகளிலும் உலோகத் தொழிற்சாலைகளிலும் பயன்பட்ட டெட்ராகுளோரோ எத்திலீன் நிலத்தடி நீரில் இறங்கி அமெரிக்காவில் பெரிய தலைவலியாக இருந்தது. 1997இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒரு பாக்டீரியாவை அறிமுகப்படுத்தியது, இன்று அதன் பெயர் டிஹாலோகாக்காய்டிஸ். அது அந்தச் சேர்மத்தின் நான்கு குளோரினையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெறும் எத்திலீனாக்கிவிடுகிறது, குளோரின் சேர்மங்களை அது சுவாசிக்கிறது என்றே சொல்லலாம். இன்று மாசடைந்த நிலங்களில் இந்த வகைக் கலவையை நிலத்துக்குள் செலுத்திச் சுத்தம் செய்வது நடைமுறையில் இருக்கிறது. 2014இலும் 2015இலும் இத்தகைய நொதிகளின் முப்பரிமாண வடிவங்களும் வெளிவந்து, கோபால்ட் எங்கே நிற்கிறது, சேர்மம் எங்கே வந்து உட்காருகிறது என்பது தெளிவானது. குளோரினுக்கு முடிந்தது ஃப்ளூரினுக்கும் முடியாதா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

இங்கே ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. எலெக்ட்ரானைத் தள்ளும் வலுவை வோல்ட்டில் அளப்பார்கள், எண் மைனஸில் கீழே போகப்போக வலு கூடுகிறது என்று அர்த்தம். முழுக்க ஃப்ளூரின் ஏறிய, கிளையில்லாத நேர்ச் சங்கிலிக்குள் ஒரு எலெக்ட்ரானைத் திணிக்க ஏறத்தாழ மைனஸ் 2 வோல்ட்டுக்கும் கீழே போக வேண்டியிருக்கும். உயிருள்ள செல்லுக்குள் எலெக்ட்ரான் கடத்துபவை பெரும்பாலும் மைனஸ் அரை வோல்ட் பக்கத்தில் நின்றுவிடுகின்றன, பி12 கோபால்ட்டும் அதைவிடக் கொஞ்சம்தான் கீழே. பெரிய இடைவெளி. 2008இல் அரிசோனாவில் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டியது: பி12ஐயும் டைட்டானியம் சேர்மம் ஒன்றையும் சேர்த்து, காற்றில்லாமல், 70 டிகிரி சூட்டில் பி.எஃப்.ஓ.எஸ்.ஸை வைத்தபோது ஃப்ளூரைடு வெளிவந்தது, ஆனால் வினைபுரிந்தவை முக்கியமாகக் கிளை பிரிந்த வடிவங்கள்தான். நேர்ச் சங்கிலி பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை.

ஊர்த் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பூசிய வழவழப்பான மரத்தில் எவ்வளவு பலசாலியும் சறுக்கி விழுவான், நடுவில் ஒரு சின்னக் கணு இருந்தால் போதும், கால் வைத்து ஏறிவிடலாம். முழுக்க ஃப்ளூரின் ஏறிய சங்கிலி அந்த மரம். கிளை, இரட்டைப் பிணைப்பு, ஹைட்ரஜன் உள்ள ஒரு கார்பன், ஒரு குளோரின் இவையெல்லாம் கணுக்கள். நொதிக்கு அந்த மாதிரி ஒரு பிடி வேண்டும். இனி எந்த ஆய்வைச் சொன்னாலும் பிடி எங்கே என்று கேட்டுக்கொண்டே படிக்கலாம்.

2020இல் யூஜி மென் என்ற ஆய்வாளரின் குழு, குளோரின் கரைப்பான்களைச் சுத்தம் செய்யப் பயன்படும் ஒரு பாக்டீரியாக் கலவையிடம் ஆறு கார்பன் உள்ள இரண்டு ஃப்ளூரின் அமிலங்களைக் கொடுத்துப் பார்த்தது. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு உடைந்து ஃப்ளூரைடு வெளிவந்தது. பிடி எங்கே? இரண்டிலும் அமிலத் தலைக்கு, அதாவது சங்கிலியின் முனையிலுள்ள அமிலத் தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பில் எலெக்ட்ரான் வந்து உட்கார ஒரு காலியிடம் கிடைக்கிறது, அங்கே உட்கார்ந்ததும் பக்கத்திலுள்ள ஃப்ளூரின் அயனியாகப் பிரிந்துவிடுகிறது. அந்தக் கலவையில் டிஹாலோகாக்காய்டிஸ் இருந்ததால் சந்தேகம் முதலில் பி12 நொதிகள் மேல்தான் விழுந்தது. ஆனால் 2024இல் வந்த அடுத்த ஆய்வு அசிட்டோபாக்டீரியம் என்ற வேறோர் இனத்தையும், காஃபியேட் என்ற தாவர அமிலத்தின் இரட்டைப் பிணைப்பில் எலெக்ட்ரான் ஏற்றுகிற அதன் நொதித் தொகுதியையும் சுட்டியது. அந்தத் தொகுதியில் கோபால்ட் இல்லை, எலெக்ட்ரான் கடத்தும் ஃப்ளேவின் என்ற கரிம மூலக்கூறும் இரும்பு-கந்தகக் கொத்துகளும்தான். தாவரக் கழிவுக்காக உருவான நொதி, உருவத்தில் கொஞ்சம் ஒத்துப்போகும் ஃப்ளூரின் அமிலத்தையும் தவறுதலாகப் பிடித்துவிடுகிறது போலும். இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான், ஏனென்றால் ஃப்ளூரினுக்காகவே பிறந்த நொதியைத் தேடி அலைவதைவிட, வேறு வேலைக்குப் பிறந்து இந்த வேலையையும் செய்யக்கூடிய நொதிகளை நோக்கி இது நம்மைத் திருப்புகிறது.

இரும்பு-கந்தகக் கொத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் தௌவேரா அரோமாட்டிகா என்ற பாக்டீரியா. பென்சீன் வளையத்தில் ஒரு ஃப்ளூரின் உள்ள ஃப்ளூரோபென்சோயேட்டை ஆக்சிஜனே இல்லாமல் முழுக்க உடைத்து உணவாக்கிக்கொள்கிறது. அதன் நொதி செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து, சாதாரணமாக எட்ட முடியாத ஆழத்துக்கு எலெக்ட்ரானைத் தள்ளுகிறது. அரை வோல்ட் எல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, ஆற்றலைச் செலவழித்தால் அந்த எல்லையைக் கொஞ்சம் மீறலாம் என்பதற்கு இது சாட்சி. ஆனால் ஒரு வளையத்தில் ஒரு ஃப்ளூரினுக்கே இந்தச் செலவு என்றால் பி.எஃப்.ஓ.ஏ.வில் இருப்பது பதினைந்து.

இப்போது ஆக்சிஜன் வழி. இதில் முக்கியமானது சைட்டோகுரோம் பி450 குடும்பம். நம் கல்லீரலில் மருந்துகளை மாற்றி வெளியேற்றுவது இவைதான், பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் ஏராளம். ரத்தத்தில் இருக்கும் அதே ஹீம் வளையமும் நடுவில் இரும்பும் இவற்றிலும் உண்டு. காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, இரண்டாகப் பிளந்து, ஒரு ஆக்சிஜன் அணுவை இரும்பின்மேல் மிக வீரியமான நிலையில் வைத்துக்கொள்கிறது. அந்த ஆக்சிஜன் பக்கத்தில் வரும் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, அந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை வைத்துவிடும். ஹைட்ரஜனைப் பறிக்கும், ஃப்ளூரினைப் பறிக்காது. மருந்து வேதியியலாளர்கள் கல்லீரல் சீக்கிரம் சிதைக்காமல் இருக்க மருந்து மூலக்கூறுகளில் ஃப்ளூரினைச் சேர்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் ஒரே கார்பனில் ஹைட்ரஜனும் ஃப்ளூரினும் சேர்ந்து இருந்தால்? ஹைட்ரஜன் போய் அங்கே ஹைட்ராக்சில் வந்துவிடும். ஒரே கார்பனில் ஹைட்ராக்சிலும் ஃப்ளூரினும் பொதுவாக நிலைத்திருக்க முடியாது. ஃப்ளூரின் ஒரு ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு தானாகவே வெளியேறிவிடும். அவ்வளவு உறுதியான பிணைப்பு எந்தப் பெரிய முயற்சியும் இல்லாமல் அங்கே முடிந்துபோகிறது.

இதனால்தான் பகுதி ஃப்ளூரின் ஏறிய சேர்மங்கள், சங்கிலியின் ஒரு முனையில் ஹைட்ரஜன் உள்ள இரண்டு கார்பனை வைத்திருப்பவை, மண்ணில் மாறிப்போகின்றன. வெண்அழுகல் பூஞ்சைகள், மண் பாக்டீரியாக்கள், எலியின் கல்லீரல் எல்லாமே இவற்றை மாற்றுகின்றன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மாறிக்கொண்டே போய் எங்கே நிற்கிறது? ஹைட்ரஜன் தீர்ந்த இடத்தில் நிற்கிறது. எட்டுக் கார்பனில் ஃப்ளூரின் ஏறிய இத்தகைய ஆல்கஹால் ஒன்று மண்ணில் சிதைந்து பி.எஃப்.ஓ.ஏ.வாகவே முடிகிறது. அதாவது சிதைவின் முடிவில் கிடைப்பது நாம் பயப்படும் அதே பொருள். "உயிரிச் சிதைவு" என்ற சொல்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்று இத்தனை அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆக்சிஜன் வழியில் வேறு சில சுவாரசியமான உலோக நொதிகளும் உண்டு. ஆம்ஃபிட்ரைட் ஆர்னாட்டா என்ற கடல் புழுவின் ஹீம் நொதி, சேற்றிலுள்ள புரோமின் ஃபீனால்களை உடைப்பதற்காக உருவானது, அதே நொதி ஃப்ளூரின் ஏறிய ஃபீனாலிலிருந்தும் ஃப்ளூரினைக் கழற்றுகிறது. 2018இல் டெக்சாஸில் செய்த ஓர் ஆய்வில், மனித உடலிலுள்ள சிஸ்டீன் டையாக்சிஜனேஸ் என்ற இரும்பு நொதியில் ஒரு டைரோசினை எடுத்துவிட்டு ஃப்ளூரின் ஏற்றிய டைரோசினை வைத்தார்கள். தன் உள்ளே ஒரு குறுக்குப் பிணைப்பை அமைப்பது அந்த நொதியின் வழக்கம். அதற்கு ஃப்ளூரின் தடையாக நின்றபோது ஆக்சிஜனின் உதவியோடு அந்தக் கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பையே உடைத்துவிட்டு அமைத்துக்கொண்டது. மாசு நீக்கத்துக்கு நேரடியாக உதவாது, ஆனால் உயிரியலிலுள்ள இரும்பால் இது முடியும் என்பதைக் காட்டியது.

செம்பு நொதியான லாக்கேஸின் கதை கொஞ்சம் வேறு. பூஞ்சைகள் மரத்தின் லிக்னினைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதி இது, நான்கு செம்பு அணுக்கள் உள்ளே இருக்கும். லாக்கேஸ் பி.எஃப்.ஓ.ஏ.வை நேரடியாகத் தொடுவதே இல்லை. இடைத்தரகராக ஒரு சிறு மூலக்கூறைச் சேர்த்தால், லாக்கேஸ் அதன் எலெக்ட்ரானைப் பிடுங்கி அதைத் தனி எலெக்ட்ரானோடு அலையும் வீரியத் துண்டாக்கிவிடும், அந்தத் துண்டு போய் பி.எஃப்.ஓ.ஏ.வைத் தாக்கும். 2015இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 157 நாட்களில் பி.எஃப்.ஓ.ஏ. சுமார் பாதி குறைந்தது. இங்கே பிடி என்பது அமிலத் தலைதான், அங்கே தொடங்கிச் சங்கிலி ஒவ்வொரு கார்பனாகக் குட்டையாகப் பார்க்கிறது. மெதுவான வழி. ஆனாலும் முழுக்க ஃப்ளூரின் ஏறிய அமிலத்தைச் சாதாரண வெப்பத்தில் அசைத்துப் பார்த்தது சின்ன விஷயமில்லை.

சரி, ஒரு பாக்டீரியா ஃப்ளூரினைக் கழற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தலைவலி அங்கே தொடங்குகிறது. கழன்ற ஃப்ளூரைடு அந்த பாக்டீரியாவுக்கே விஷம். ஃப்ளூரைடுக்கு உலோக அயனிகள் என்றால் தனி ஈர்ப்பு, மெக்னீசியம் போன்ற உலோகங்களை நம்பியிருக்கும் நொதிகளில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றை நிறுத்திவிடும். ஒரு பி.எஃப்.ஓ.எஸ். மூலக்கூறு முழுவதும் உடைந்தால் பதினேழு ஃப்ளூரைடு, அதுவும் செல்லுக்குள்ளேயே. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் வேக்கெட் இதைத் தொடர்ந்து வலியுறுத்தி எழுதிவருகிறார். பிணைப்பின் பலத்தை மட்டுமே எல்லாரும் பேசுகிறார்கள், வெளிவரும் ஃப்ளூரைடின் நஞ்சும் இந்தத் திறன் அபூர்வமாக இருக்க ஒரு பெரிய காரணம் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. பாக்டீரியாக்கள் இதற்குத் தயாராக இல்லாமலும் இல்லை. ஃப்ளூரைடு ஏறினால் உணர்ந்து மரபணுவை இயக்கும் ஆர்.என்.ஏ. சுவிட்ச் ஒன்றை யேல் பல்கலைக்கழகக் குழு 2012இல் கண்டுபிடித்தது, ஃப்ளூரைடை மட்டும் வெளியே அனுப்பும் வாய்க்கால் புரதங்களும் இருக்கின்றன. மேலே சொன்ன அசிட்டோபாக்டீரியம் ஆய்விலும், பல இனங்களை ஒப்பிட்டபோது, இந்த வெளியேற்றும் புரதம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டியது அவசியம் என்று தெரியவந்தது. கழற்றும் நொதியைக் கண்டுபிடித்து, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலி பாக்டீரியாவில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

ஈ.கோலியில் வைப்பதே எளிதில்லை என்பது தனிக் கதை. ஒடுக்க டிஹாலோஜனேஸ்களின் இரும்பு-கந்தகக் கொத்து காற்றுப் பட்டால் கெட்டுவிடும், பி12ஐச் சரியான இடத்தில் பொருத்த வேண்டும், எலெக்ட்ரானைக் கொண்டுவந்து தரும் துணைப் புரதங்களும் வேண்டும்.

இந்தப் பின்னணியோடு சில பிரபலமான செய்திகளைப் பார்க்கலாம். 2019இல் பிரின்ஸ்டனின் பீட்டர் ஜாஃபே குழு, நியூஜெர்சி ஈரநிலத்தில் கிடைத்த அசிடிமைக்ரோபியம் ஏ6 என்ற பாக்டீரியா 100 நாட்களில் பி.எஃப்.ஓ.ஏ.வையும் பி.எஃப்.ஓ.எஸ்.ஸையும் 60 சதவீதம் வரை குறைத்ததாக வெளியிட்டது. அம்மோனியத்திலிருந்து எலெக்ட்ரானை எடுத்து மண்ணிலுள்ள இரும்புக்குக் கொடுத்து வாழும் விநோத உயிர் அது. போர்ச்சுகலின் மாசடைந்த தொழிற்சாலை மண்ணிலிருந்து எடுத்த லாப்ரிஸ் எஃப்11 என்ற பாக்டீரியா 100 நாட்களில் பி.எஃப்.ஓ.எஸ்.ஸில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்தது என்ற செய்தியும் பரவலாக வந்தது. முன்பே ஃப்ளூரோபென்சீனை உணவாகக் கொண்டு வளரும் என்று அறியப்பட்ட பாக்டீரியா அது.

இந்த எண்களைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி முக்கியம்: ஃப்ளூரைடு எவ்வளவு வெளிவந்தது? தண்ணீரில் பி.எஃப்.ஓ.எஸ். குறைந்துவிட்டது என்றால் அது செல்லின் சுவரில் ஒட்டியிருக்கலாம், கண்ணாடிக் குடுவையில் ஒட்டியிருக்கலாம், அல்லது ஒரு கார்பன் குறைந்த இன்னொரு பிஃபாஸாக மாறியிருக்கலாம். இவற்றில் எதுவுமே தீர்வு இல்லை. காணாமல் போன மூலக்கூறில் எத்தனை ஃப்ளூரின் இருந்திருக்க வேண்டுமோ அதில் எத்தனை பங்கு ஃப்ளூரைடு அயனியாகக் கிடைத்தது, மீதி எந்தெந்தத் துண்டுகளில் நிற்கிறது என்று கணக்குக் காட்டும் ஆய்வைத்தான் நான் முழுசாக நம்புவேன். நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இந்தக் கணக்கைக் கொடுக்கின்றன, செய்தியாகும்போதுதான் அது உதிர்ந்துவிடுகிறது.

நடைமுறையில் இந்த நொதிகள் முதலில் எங்கே பயன்படும் என்று கேட்டால், தனியாக இல்லை, வேறு முறைகளோடு சேர்ந்துதான் என்பது என் எண்ணம். வேதியியலோ புறஊதாக் கதிரோ முதலில் சங்கிலியில் ஒரு ஹைட்ரஜனையோ இரட்டைப் பிணைப்பையோ உண்டாக்கிக் கொடுக்கட்டும், அப்புறம் நுண்ணுயிர்கள் அந்தப் பிடியை வைத்து வேலையைத் தொடரட்டும். இதற்கு ஆதரவாக 2023இல் யூஜி மென் குழுவே இன்னொரு ஆய்வை வெளியிட்டது: சங்கிலியில் சில ஃப்ளூரின்களுக்குப் பதில் குளோரின் உள்ள அமிலங்களைக் காற்றில்லாச் சூழலில் வைத்தபோது, நுண்ணுயிர்கள் குளோரினை எடுத்துவிட்டு அங்கே ஹைட்ராக்சிலை வைத்தன. அந்தக் கார்பனிலேயே ஃப்ளூரினும் இருந்ததால், மேலே பி450இல் பார்த்த அதே நிலையின்மை அங்கேயும் வந்து, ஃப்ளூரின்கள் கணிசமாகக் கழன்றன. ஒரு குளோரின் வைத்த இடம் முழு மூலக்கூறின் தலைவிதியையே மாற்றிவிட்டது. ஃப்ளூரின் சேர்மம் கட்டாயம் தேவைப்படும் இடங்களில், அதை வடிவமைக்கும்போதே நுண்ணுயிருக்கு ஒரு பிடியை வைத்துச் செய்ய முடியும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பெரிய யோசனை, தொழிற்சாலைகள் இதைச் சீக்கிரம் கையில் எடுக்க வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

பிடியே இல்லாத ஒன்றும் இருக்கிறது. டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம். ஒரு கார்பனில் மூன்று ஃப்ளூரின், பக்கத்தில் அமிலத் தலை, அவ்வளவுதான் மூலக்கூறு. சில குளிர்பதன வாயுக்கள் காற்றில் சிதையும்போதும், சில பூச்சிக்கொல்லிகள் மண்ணில் சிதையும்போதும் இது உண்டாகி மழைநீரில் இறங்குகிறது, மழைநீரிலும் நிலத்தடி நீரிலும் இதன் அளவு கூடிவருவதைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். கரித்தூள் வடிகட்டியிலும் எளிதில் நிற்காது, அவ்வளவு சிறியது. ஹைட்ரஜன் இல்லாததால் பி450க்கு வேலை இல்லை, இரட்டைப் பிணைப்பு சங்கிலியில் இல்லாததால் அசிட்டோபாக்டீரியத்தின் வழியும் இல்லை. மூன்று ஃப்ளூரின் உள்ள அந்த ஒற்றைக் கார்பனுக்குள் எலெக்ட்ரானைக் கொண்டுசேர்க்கும் உலோக நொதி ஒன்றை இயற்கையில் கண்டுபிடிப்பதோ ஆய்வகத்தில் உருவாக்குவதோதான் இந்தத் துறையில் இப்போது மிக அவசரமான வேலை என்று நான் நினைக்கிறேன்.